இடப்பக்க ஸ்டியரிங்கும் உன் அக்காவும்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் காரும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறோம். யார் முதலில் நிற்போம் என்று தெரியவில்லை. அங்கே நீயும் தங்கையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் அமெரிக்கக் காரை வாங்க ஆள் வந்திருப்பதாகவும், அதன் நிலையை ஒளிவுமறைவில்லாமல் எழுதும்படியும் கேட்டிருந்தாய். எட்டு சிலிண்டரில் ஏழு வேலை செய்கின்றன. கார் நின்றால் தெருவில் போகிறவர்கள் இன்றும் நின்று பார்க்கிறார்கள். அது மறுபடி கிளம்புவதற்குள் சிலர் உட்கார்ந்தும் விடுகிறார்கள். ஹாரன் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் அடிக்கும். வலப்பக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அதனால் முப்பத்தோரு வருடம் நான் இறங்கிச் சுற்றி வந்து உன் அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். பார்த்தவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். நான் திருத்தவில்லை.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பது பெரிய குறை என்று எழுதியிருக்கிறாய். நம் சாலையில் எல்லோரும் இடப்பக்கமாகப் போகிறோம். முன்னால் ஒரு லாரி போனால் எதிரே வருவது எனக்குத் தெரியாது, வலப்பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும். உன் அக்கா தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "இருங்க" என்பாள், இருப்பேன். "இப்பப் போங்க" என்பாள், போவேன். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

அவள் காலமான பிறகு, போன வாரம்தான் காரை முதன்முதலாக வெளியே எடுத்தேன். பல் டாக்டரிடம் போகவேண்டும். முன்னால் ஒரு நிலக்கரி லாரி. டாக்டர் வீதிக்கு வலப்பக்கம் திரும்பவேண்டும், எதிரே என்ன வருகிறது என்று சொல்ல ஆளில்லை, திரும்பவில்லை. பாலம் போனது, ஊர் எல்லை போனது, லாரி ஓர் ஆலைக்குள் நுழைந்தது, நானும் நுழைந்து, அதன் பின்னாலேயே எடைமேடையில் ஏறிவிட்டேன்.

"என்ன சரக்கு?" என்றார் எடை போடுகிறவர்.

"சரக்கு இல்லப்பா, பல்லுவலி."

"ஏறிட்டீங்கல்ல பெரியவரே, எடை போட்டுத்தான் இறக்கணும். வண்டில எத்தன பேரு?"

"ரெண்டு பேர்" என்றேன், பழக்கத்தில். அவர் எட்டிப் பார்த்தார். ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

ஆகவே மச்சான், குறை காரில் இல்லை. அவள் உட்கார்ந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டேன். அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. தங்கையை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நூறாண்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது மெக்கானிக் வந்தார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடலாம் சார்" என்று அவரே ஓட்டினார். நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அதுவே முதல் தடவை. முன்னால் பஸ். அதை முந்த அவர் வண்டியைச் சற்று வெளியே எடுத்து, "எதிர்ல வருதா சார்?" என்றார். தலையை நீட்டினேன். ஒரு லாரி என் காதை ஒட்டிப் போனது. கண்ணை மூடிக்கொண்டேன். "போலாமா சார்?" தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். வீடு வரும்வரை பஸ்ஸின் பின்னாலேயே வந்தோம்.

அவள் பயமாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த ஆளை வரச்சொல். அவருக்கு மனைவி இருந்தால், ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிய பிறகே ஓட்டுவேன் என்று எழுதித் தரட்டும். சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.