முப்பத்திரண்டாம் பக்கத்துச் சித்தி

மாலை நான்கு மணி ஆகியும் முப்பத்திரண்டாம் பக்கம் வெறும் வெள்ளையாகவே இருந்தது. ஐந்து மணிக்குள் அது ஆசிரியரின் மேஜைக்குப் போயாக வேண்டும். கமா அந்த வெள்ளைத்தாளையும் சுவர்க்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கமா என்பது அவர் பெயர் இல்லை. அந்தப் பெண்கள் வார இதழில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறார். அடுத்தவர் எழுதியதில் ஒரு கமாவை வைப்பார், இன்னொன்றை எடுப்பார். சொந்தமாக ஒரு வரி எழுதியவர் இல்லை. அவருடைய லீவு லெட்டரைக்கூட வேதியியல் டீச்சரான மனைவிதான் எழுதித் தருவாள். யாரோ கேலியாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

முப்பத்திரண்டாம் பக்கம் கூந்தல் சித்திக்குச் சொந்தம். நீளப் பின்னலோடு ஒரு பெண்ணின் கோட்டுச் சித்திரம், அதற்குக் கீழே “கண்ணுகளா” என்று தொடங்கும் தலைமுடிக் குறிப்புகள். பொடுகோ, பேனோ, நுனி வெடிப்போ, எதற்கும் சித்தியிடம் பதில் இருந்தது. வாசகிகளில் பாதிப்பேர் இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவதே சித்திக்காகத்தான். அலுவலகத்தில் அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கமாவின் மேஜைமேல் ஒரு பழுப்பு உறை இருக்கும், அவ்வளவுதான். இந்தச் செவ்வாய்க்கிழமை அது இல்லை.

ஆசிரியர் அம்மா இன்டர்காமில் கேட்டார். “சித்தி பக்கம் வந்துடுச்சா?”

அந்த அம்மாள் எதற்கும் குரலை உயர்த்தமாட்டார். அதனால்தான் எல்லாருக்கும் பயம். போன மாதம் ‘மணப்பெண் அலங்காரம்’ என்ற தலைப்பு ‘மரப்பெண் அலங்காரம்’ என்று அச்சாகி வந்தபோதுகூடக் கமாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஓய்வைப் பற்றி யோசிக்கலாம் என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு கமாவின் வயிற்றில் இன்னும் கரையாமல் கிடந்தது. உறை வரவில்லை என்று சொன்னால், காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

“சித்தி போன்லயே சொல்றாங்க மேடம். எழுதிக்கிட்டே இருக்கேன்.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பேனாவை எடுத்தார். மேஜைமேல் சாயங்காலப் பசிக்கு வைத்திருந்த இரண்டு வாழைப்பழங்களும் தொண்டைக்கட்டுக்கு வாங்கிய தேன்பாட்டிலும் கண்ணில் பட்டன. வேறு எதுவும் தோன்றவில்லை. ‘கண்ணுகளா, வீட்டிலேயே வழவழவென்று பளபளக்கும் கூந்தல் வேண்டுமா? கனிந்த வாழைப்பழம் இரண்டைப் பிசைந்து, தேன் இரண்டு ஸ்பூன் கலந்து, தலையில் பூசி, ஒரு மணி நேரம் காயவிடுங்கள்’ என்று எழுதிமுடித்தார். மூன்று தடவை சரிபார்த்தார். கமாக்கள் எல்லாம் கச்சிதமாக இருந்தன.

ஆசிரியர் அம்மா படித்துவிட்டு, எளிமையாக இருக்கிறது என்றார். பக்கத்தை ஒரு பிரதி எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போதே கமாவுக்கு லேசாக வியர்த்தது. அந்த அம்மாளின் தலைமுடி பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் போல. ஒரு டஜன் கொண்டை ஊசிகள் சேர்ந்துதான் அதை அடக்கி வைத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை வாசகியர் சந்திப்பு. மேடையில் நடுநாற்காலி அவருக்குத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் கமாவின் வீட்டில் போன் அடித்தது.

“கமா, பழம் வரமாட்டேங்குது.”

“எங்கேருந்து மேடம்?”

“தலையிலேருந்து.”

தேன் காய்ந்து இறுகிவிட்டதாம். பழத்துணுக்குகள் ஒவ்வொரு முடியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவாம். சித்தியிடம் கேட்டுச் சொல்லும்படி ஆசிரியர் அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். சித்தியிடம் பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கமா மனதுக்குள் கணக்குப் போட்டு, பத்து நிமிடம் சமையலறை ஜன்னலோரம் நின்றுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். துருப்பிடித்த பூட்டுக்கு அவர் எண்ணெய் விடுவது வழக்கம். அதே வைத்தியத்தைச் சித்தியின் வாயில் போட்டார்: “நிறைய எண்ணெய் ஊத்தி வாரச் சொல்றாங்க மேடம். கஞ்சத்தனம் வேண்டாம்னாங்க.”

ஆசிரியர் அம்மா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஒரு பாட்டில் முழுவதையும் ஊற்றினார். பழம் வந்துவிட்டது. எண்ணெய்தான் போகவில்லை. வியாழக்கிழமை அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. தலையணை உறை இரண்டு, சோபாவின் முதுகு, அவர் கணவரின் சட்டைத் தோள் எல்லாவற்றிலும் எண்ணெய் என்று மத்தியானம் போன் வந்தது. கமா இந்தத் தடவை ஜன்னலுக்கெல்லாம் போகவில்லை. தரையில் எண்ணெய் கொட்டினால் மனைவி மாவைத் தூவுவாள், அது உறிஞ்சிவிடும். அதைச் சொன்னார். கோதுமை மாவா, மைதா மாவா என்று கேட்டார் ஆசிரியர் அம்மா. மைதாவே நைசாக இருக்கும் என்றார் கமா, சித்தியின் சார்பில்.

வெள்ளிக்கிழமை காலை வந்த போனில் ஆசிரியர் அம்மாவின் குரல் இன்னும் தணிந்திருந்தது.

“மாவு எண்ணெயை எடுத்துடுச்சு. அப்புறம் நல்லா வெந்நீர்ல தலைக்குக் குளிச்சேன். இப்ப முடி அசையமாட்டேங்குது, கமா. நான் தலையைத் திருப்பினா மொத்தமா ஒரே துண்டாத் திரும்புது.”

சித்தியிடம் கேட்டுச் சொல்வதாகப் போனை வைத்துவிட்டு, கமா சுவரில் சாய்ந்தார். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி நின்றாள். புதன்கிழமை அவர் ஜன்னலோரம் சும்மா நின்றதிலிருந்தே அவளுக்குச் சந்தேகம்தான். என்ன விஷயம் என்று கேட்டாள். அவர் செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஒரு கமாகூட இல்லாமல் கொட்டித் தீர்த்தார்.

“மைதாவும் வெந்நீரும் சேர்ந்தா என்னங்க ஆகும்?” என்றாள் டீச்சர், வகுப்பில் கேட்பதுபோல.

“என்ன ஆகும்?”

“பசை ஆகும். சுவர்ல போஸ்டர் ஒட்டறது அதுலதான். அந்தம்மா தலையில ஒரு வாளிப் பசையைக் காய்ச்சிட்டீங்க.”

ஆனாலும் கைவிடவில்லை அவள். பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். கமா ஆசிரியர் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு அதை வரி பிசகாமல் வாசித்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை ஊறவிட வேண்டும், அவசரப்படக் கூடாது. ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து இரண்டு முறை அலச வேண்டும். பிறகு கண்டிஷனரைத் தாராளமாகத் தடவிக்கொண்டு, பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே சிக்கெடுக்க வேண்டும். கடைசியில் பச்சைத்தண்ணீர். துண்டால் பரபரவென்று தேய்க்காமல், பழைய பருத்தி பனியனால் ஒற்றியெடுத்து, தானாகக் காயவிட வேண்டும்.

“சித்தி இன்னைக்கு ரொம்பத் தெளிவாப் பேசறாங்களே,” என்றார் ஆசிரியர் அம்மா.

அன்று முழுக்கக் கமா போனைவிட்டு நகரவில்லை. போன் அடித்தாலும் திக்கென்றது, அடிக்காவிட்டாலும் திக்கென்றது. ஓய்வு பெற்ற பிறகு பொழுதை எப்படிப் போக்குவது என்றுகூட யோசித்துப் பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆசிரியர் அம்மா அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தட்டச்சுச் சத்தம் நின்றது. ஒரு கொண்டை ஊசிகூட இல்லை. தோளைத் தாண்டி இறங்கிய முடி நடைக்கு ஏற்றபடி அசைந்து, ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் பட்டுப்போல மின்னியது. வரவேற்பில் இருந்த பெண் எழுந்தே நின்றுவிட்டாள். கமாவுக்குக் கண் கலங்கியது. பத்தொன்பது வருடத்தில் அவர் திருத்திய மிகப்பெரிய பிழை அதுதான்.

ஆசிரியர் அம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வாழைப்பழக் குறிப்பை எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை சொன்னதையே முப்பத்திரண்டாம் பக்கத்தில் போடும்படி சொன்னார். முதல் மூன்றும் தன்னுடைய பொறுமையைச் சோதிக்கச் சித்தி வைத்த பரீட்சை என்று அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கமா மறுக்கவில்லை. உயிர் திரும்பி வந்த நிம்மதியோடு எழுந்தார்.

“இன்னொன்னு,” என்றார் ஆசிரியர் அம்மா. “நாளைக்கு மேடையில சித்திக்கு நான் என் கையால மரியாதை பண்ணணும். நீங்க கூட்டிட்டு வந்துடுங்க. உங்ககிட்டதானே தினமும் பேசறாங்க.”

கமா எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. பழுப்பு உறையைக் கொண்டுவந்து வைப்பது யார் என்று வரவேற்புப் பெண்ணிடம் விசாரித்தார். அவள் வரும்போதே அது மேஜையில் இருக்குமாம். தபால் பையை எடுத்துவந்து பிரித்து வைப்பது வேன் டிரைவர்தான், வேண்டுமானால் அவரைக் கேளுங்கள் என்றாள்.

வேன் டிரைவர் பின்பக்கம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அலுவலகப் பெண்களைத் தினமும் வீட்டிலிருந்து கூட்டிவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுகிறவர். அவர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார்கள், அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். முதுகுப் பிடிப்பு என்று இந்த வாரம் முழுக்கப் படுத்திருந்துவிட்டு அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

கமா அவரிடம் எதையும் மறைக்கவில்லை. மறைக்கிற தெம்பும் இல்லை. வாழைப்பழத்தில் ஆரம்பித்து மேடை மரியாதைவரை சொல்லிமுடித்தார். டிரைவர் ஈரத்துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

“பழத்தை வடிகட்டச் சொல்லலையா சார்?” என்றார் கடைசியில், வருத்தமாக.

அதெல்லாம் இப்போது எதற்கு என்றார் கமா. சித்தியின் விலாசம் டிரைவருக்குத் தெரிந்திருந்தால் போதும். உடனே அங்கே கூட்டிப்போனால், காலில் விழுந்தாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வரச்சொல்லிக் கெஞ்சுவார். சொல்லிக்கொண்டே வேனின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தும் விட்டார்.

டிரைவர் தொப்பியைக் கழற்றி, ஒரு முடிகூட இல்லாத தலையை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெயில் பட்டு அது வழவழவென்று பளபளத்தது.

“எங்கயும் போக வேண்டாம் சார், இறங்குங்க. பதினோரு வருஷமா இந்த வண்டிய ஓட்டறதே சித்திதான்.”