ரங்கூன் துறைமுகத்தில் ஒரு பின்லாந்து

தொண்ணூறுகளில் ரங்கூன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில், பின்லாந்து ஏறாத கப்பல் ஒன்றுகூடக் கிடையாது. பின்லாந்து என்றால் நாடு இல்லை. போட்டாதாங் ஜெட்டியில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க். அவர் வெயிலில் எண்ணிக்கொண்டு வருவதை, கப்பல் ஏஜென்சி ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து டைப் அடிப்பது என் வேலை.

ஆள் நம்மைப்போல் நல்ல கறுப்பு. கண் மட்டும் சாம்பல் கலந்த நீலம்.

“எங்கம்மாவோட அப்பா பின்லாந்து மாலுமிம்மா. காய்ச்சல்னு கப்பலை விட்டு இறங்கினவரு, இங்கயே கல்யாணம் கட்டித் தங்கிட்டாரு.”

இந்தக் கதையைக் கேட்காமல் அந்த ஜெட்டியில் யாரும் ஒரு மூட்டை இறக்கியதில்லை. சித்திரை வெயிலில், தண்ணீர்த் திருவிழா என்று ஊரே தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருக்க, இவர் மீன் கிடங்கில் ஐஸ் பாளத்தின்மேல் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்.

“என்னண்ணே இது?”

“பழகிக்கிறேம்மா. சொந்த ஊருக்குப் போனா நடுங்கக் கூடாதுல்ல?”

வெள்ளைக்காரர் யார் இறங்கினாலும் “பின்லாந்தா?” என்று ஓடுவார். ஒருவர் ஸ்வீடன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். “பக்கத்து ஊருதானே, போற வழியில விசாரிக்கச் சொல்லும்மா” என்று என்னை மொழிபெயர்க்க வைத்துவிட்டார்.

நானும் எல்லோரையும்போல் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவர் அம்மாவைப் பார்க்கும்வரை.

பர்மாவில் அப்பா பெயர் இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. அந்த அம்மா தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே மாலுமி இறந்துவிட்டார். பிறப்புப் பதிவில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அந்தக் கோட்டை வைத்துத் தெரு என்னென்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு அடையாள அட்டை எழுத வந்த குமாஸ்தா, ‘ராமசாமி’ என்று தானாகவே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“யாரு பெத்த புள்ளையோ அந்த ராமசாமி! வயசு எழுபதாவுது, இன்னும் அவரு மகளாவே இருக்கேன்” என்றார் அம்மா.

பின்லாந்து லீவு போட்டுவிட்டுச் சர்ச் சர்ச்சாக ஏறி அடக்கப் பதிவேடுகளைப் புரட்டினார். இவர் தலை தெரிந்தாலே சர்ச்சுக் காவலாளிகள் சாவியைத் தேடுவதுபோல் காணாமல் போவார்களாம். கடைசியில் ஒருநாள், மழையில் நனைந்தபடியே ஆபீசுக்குள் ஓடி வந்தார்.

“கிடைச்சிருச்சும்மா! யூஹானி, மாலுமி, பின்லாந்து! அடக்கம் பண்ணினது யாருன்னு போட்டிருக்கு தெரியுமா? மனைவி! மனைவி, கைநாட்டு!”

‘மனைவி’ என்பதை மேனேஜருக்கும் தனியாகப் போய்ச் சொன்னார். பிறகு வாசலில் நின்ற சைக்கா ரிக்‌ஷாக்காரருக்கும் சொன்னார்.

மாலுமியின் ஊர்ப் பெயரும் இருந்தது. ஆனால் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியதில், அது எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, ஒரு பனாமா கொடிக் கப்பலில் அசல் பின்லாந்து இன்ஜினியர் ஒருவர் வந்து சேர்ந்தார். இவர் பாய்ந்து கட்டிப்பிடித்ததும் மனிதர் முதலில் பர்ஸைத்தான் தொட்டுப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் பொறுமையாக உட்கார்ந்தார். அவர்கள் நாட்டில் பிறப்பு, இறப்பு, ஊர் மாறுவது எல்லாவற்றையும் அந்தந்த ஊர்ச் சர்ச்சே எழுதி வைக்குமாம். ஊர் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாமாம். அந்தப் பெயரை நீட்டியும் குறுக்கியும் வாய்க்குள் உருட்டிப் பார்த்தவர், திடீரென்று மேஜையைத் தட்டினார். தெரிந்த ஊர்!

சில மாதம் கழித்து, அந்த ஊரில் விசாரித்துவிட்டு அவர் எழுதிய கடிதம் வந்தது. யூஹானி பிறந்தது பதிவாகியிருக்கிறது. கடலுக்குப் போனதும் இருக்கிறது. அதற்குப் பிறகு, ‘தகவல் இல்லை’. இறப்பு எழுதப்படவில்லை.

“எங்க தாத்தா சாகல! அந்த ஊரு கணக்குல நூறு தாண்டி உசுரோட இருக்காரு!” என்று பின்லாந்து ஜெட்டி முழுக்க மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

அம்மா மட்டும் சாப்பிடவில்லை.

“அவரைப் பெத்தவ, கப்பல் வரும் வரும்னு பாத்துக்கிட்டே போய்ச் சேந்திருப்பாளேடா. அந்த வீட்டுல இன்னும் யாராவது இருப்பாங்க. எழுதிப் போடு. தனியாச் சாகலன்னும் எழுது.”

பின்லாந்து என் மேஜைக்கு வந்து அதைச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். அவரும் சிரிக்கவில்லை. சர்ச்சின் அடக்கப் பதிவு நகலும் சேர்ந்து போனது. இறப்பைப் பதிந்துவிட்டதாக அங்கிருந்து மறுபடி பதில் வந்தது.

அதன்பின், அம்மாவின் அட்டையைத் திருத்த எத்தனையோ நடை. கடைசி நடைக்கு நானும் சாட்சியாகப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் அம்மா உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். கவுன்டரில் இருந்த பர்மியப் பெண் அப்பா பெயர் என்ன என்று கேட்டாள். வாயைத் திறந்த மகனின் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு ஒரு ‘ஊ’ சேர்த்து அம்மாவே சொன்னார்:

“ஊ யூஹானி.”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்க, அமே.”

அம்மா இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எழுதி முடித்துப் பேனாவை வைத்த பிறகும் ஒருமுறை சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டார். பின்லாந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஸ்டிராண்ட் ரோடு வந்து கப்பல்கள் தெரிந்தபோதும் தன் கதையை ஆரம்பிக்கவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

“அண்ணே,” என்றேன், “உங்க தாத்தா இங்க எப்படி வந்தாரு?”