சிக்கனம் சார் வீட்டு நீரூற்று

கொட்டுகிற மழையில், சிக்கனம் சார் தோட்டத்தில் தெளிப்பான் சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயையோ! ரிமோட் எங்கே?"

"உன் கையிலதான் இருக்கு அண்ணா," என்றாள் தங்கை.

சார் அதிலிருந்த ஒரே பொத்தானை அமுக்கினார். தெளிப்பான் நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடி சுற்றியது. அமுக்கினார், நின்றது, சுற்றியது.

சார் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். மழை விட்டதும் தெருவில் மதில் மதிலாக எட்டிப் பார்த்து, "மண்ணு ஈரமா இருக்கே, இன்னும் எதுக்குத் தண்ணி?" என்று மானத்தை வாங்குகிறவர். எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா மட்டும், "உங்களாலதான் சார் தண்ணியோட அருமை தெரிஞ்சுது," என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தனிக்கட்டையான சார் தலைக்குச் சாயம் பூசுகிறார். சாயங்காலமானால் தானாகத் திறக்கும் தன் தெளிப்பானைப் போலவே ஒன்றை வாங்கி, டாக்டரம்மா தோட்டத்திலும் தானே மாட்டிக் கொடுத்திருந்தார். மழை நாளில் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தவரும் அவரே.

"மாடி ஜன்னலைத் திறந்தாங்கன்னா நான் தொலைஞ்சேன்!"

ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடித் தெளிப்பான்மேல் கவிழ்த்தார். வாளிக்குள் தண்ணீர் மேளம் கொட்டியது. தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன சார், மழை பத்தலையா?"

"சும்மா... கழுவி வைக்கிறேன்யா. நீ போ!"

பால்காரர் சிரித்துக்கொண்டே போனார். சாருக்குக் காது மடல் சுட்டது. வாளியைத் தள்ளிவிட்டு, தெளிப்பானின் தலையைப் பிடித்துத் திருகினார். தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் மதிலைத் தாண்டி எழும்பியது.

"பிரமாதம்! விளக்கு போட்டா டிக்கெட் வச்சுக் காட்டலாம்," என்றாள் தங்கை.

"வாயை மூடிட்டு எதிர்வீட்டுக்கு ஓடு. ஜன்னல் பக்கம் வரவிடாம அந்தம்மாகிட்ட ஏதாவது பேசிட்டு இரு!"

"என்னத்தைப் பேச?"

"உனக்குச் சொல்லியா தரணும்?"

தங்கை ஓடினாள். சார் ஒரு கையால் நீரூற்றுக்குமேல் குடையை விரித்துப் பிடித்தார். மறு கையால் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். சாயம் கரைந்து கறுப்பாகக் கன்னத்தில் வழிந்தது. ஊருக்கெல்லாம் சொன்ன வாய், தெளிப்பானுக்குக் குடை பிடித்து நிற்கிறது! மழையைவிட வெட்கம்தான் அவரை அதிகமாக நனைத்தது.

போதும், இனி ஒளிக்க முடியாது. நேரே போய், "என்னை மாதிரி வாய்ச்சொல் வீரனை நம்பாதீங்கம்மா," என்று சொல்லிவிடலாம். அப்புறம் அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால், அது நியாயம்தான்.

கேட்டைத் திறந்தார். எதிரே தங்கை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் சிரித்தபடி வந்தாள்.

"பார்த்துட்டாங்களா? என்ன சொன்னாங்க?"

"அவங்க எங்கே பார்த்தாங்க! அவங்க தோட்டத்துலயும் தண்ணி நின்னு நின்னு ஓடுது. நீ எட்டிப் பார்த்துடுவேன்னு வெட்கப்பட்டு, அவங்களும் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு ரிமோட்டை அமுக்குறாங்க. ரெண்டு ரிமோட்டுக்கும் ரெண்டு தெளிப்பானும் வேலை செய்யுது அண்ணா... நீ உன்னோடதை நிறுத்த நிறுத்த அவங்களோடது திறக்குது, அவங்க அதை நிறுத்த நிறுத்த உன்னோடது திறக்குது!"