சத்தமே போடாது என்று நீங்கள் கொடுத்த வண்டி

நோர்லண்ட், மினசோட்டா
சனிக்கிழமை, பனி கொட்டுகிறது

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஆர்விட் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் சிக்ரிட் எழுதிக்கொண்டது.

நலம் விசாரிப்பதற்கு முன்னால், போன ஞாயிறு சர்ச் வாசலில் நான் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். "வெர்னர் பெரியப்பா, அது பெல்ட் இல்லை" என்று நான் சொல்லவில்லை. "எல்லாரும் தயவுசெய்து என் வண்டியின் பானெட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லவில்லை. "வியாழக்கிழமை துலூத் நகர நூலகத்தில் எனக்கு வேலைக்கான நேர்காணல், அது அம்மாவுக்குத் தெரியக்கூடாது" என்பதையும் சொல்லவில்லை. நான் சொன்னது, "ஐயோ, உங்களுக்கெல்லாம் எதுக்குச் சிரமம்."

அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். ஏரி நன்றாக உறைந்துவிட்டது. மேலே லாரி ஓடுகிறது.

நீங்கள் குளிருக்குப் பயந்து தெற்கே போகும்போது சாவியை என் கையில் வைத்து, "நல்ல வண்டிம்மா, வாயே திறக்காது" என்றீர்கள். நீங்கள் போன மறுவாரமே அது வாயைத் திறந்துவிட்டது. காலையில் கிளப்பினால், வாலை மிதித்த பூனை மாதிரி இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு கீச்சு. தண்ணீர்த் தொட்டி முனையில் நான் திரும்பும்போதே அம்மா அடுப்பில் சூப்பை வைத்துவிடுகிறாள். ஹார்டுவேர் கடை லவோன் அக்கா, "நேத்து தபாலாபீசுக்கு ரெண்டு தடவை போனியேம்மா, ஏதாவது விசேஷமா?" என்கிறாள். விசேஷம்தான், துலூத்துக்கு விண்ணப்பம் போட்டேன், பிறகு கையெழுத்துப் போட மறந்தது நினைவு வந்து இன்னொன்று போட்டேன். அதை எப்படிச் சொல்வது? எனக்கு இந்த ஊர்மேல் கோபம் இல்லை மாமா. நான் எப்போது வீடு திரும்புகிறேன் என்று யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் கொஞ்ச காலம் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்கு இந்த வண்டியில்தான் போயாக வேண்டும். இன்ஜினில் சுற்றும் பெல்ட் நடுவழியில் அறுந்தால் பேட்டரியும் போகும், இன்ஜினும் கொதிக்கும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

ஆகவே நானே கண்டுபிடிக்கலாம் என்று வண்டிப் பழுதுபார்க்கும் புத்தகத்தைப் படித்தேன். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவேண்டும். கீச்சு அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் தேய்ந்திருக்கும், இல்லை கோணலாக ஓடுகிறது. அதிகமானால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம். தெளித்தேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி என்பதைப் புத்தகம் எழுதியவர் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. தண்ணீர் போன இடத்திலேயே பனிக்கட்டியாகி, வண்டி இரண்டு குரலில் கத்தத் தொடங்கியது.

ஞாயிறு ஆராதனை முடிந்து நான் கிளப்பியதும் ஆண்கள் அத்தனை பேரும் காபிக் கோப்பையோடு சுற்றிக்கொண்டார்கள். இங்கே ஒரு பானெட் திறந்தால் போதும், வித்தைக்காரனுக்குக் கூட்டம் சேர்வது மாதிரி சேர்ந்துவிடும். வெர்னர் பெரியப்பாதான் மூத்தவர். அவர் எட்டிப் பார்த்து, "பெல்ட்டுதான்" என்றார். அதோடு விசாரணை முடிந்தது. அவர் பேச்சை மறுக்க அங்கே யாருக்கு நாக்கு வரும்? டுவேன் அண்ணன் மட்டும், "பெரியப்பா சொல்றது சரிதான். ஆனா பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற அந்த டென்ஷனர் லேசா சாஞ்ச மாதிரி... இருக்காது, இருக்காது, பெல்ட்டுதான்" என்றார். பெரியப்பா சர்ச் கழிப்பறையிலிருந்து லாவெண்டர் சோப்பைக் கொண்டுவந்து பெல்ட்டில் தேய்த்தார். வண்டி வாயடைத்துப்போனது. எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டாவது கோப்பை காபி ஆறுவதற்குள் வண்டி முன்னைவிடப் பெரிதாக அலறியது, லாவெண்டர் மணத்தோடு.

"சோப்புத் தப்பில்ல, பெல்ட் பழசு" என்றார் பெரியப்பா.

அப்போதுதான் க்ளென் வந்தான். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லித்தரும் வாத்தியார், பக்கத்து மாநிலமான விஸ்கான்சின்காரன். அவனுக்கு எதையும் மெல்லச் சொல்லத் தெரியாது. "பெல்ட்டாவது ஒண்ணாவது! பெல்ட் வழுக்கினா நீளமா இழுத்துக் கத்தும். இது கீச் கீச்னு தாளம் போடுது. டென்ஷனர்ல உருளுற புல்லி கோணியிருக்கு. என் காதைவிட நல்ல காது இந்த ஜில்லாவிலேயே கிடையாது. நான் மாத்தித் தரட்டுமா சிக்ரிட்?"

"வேண்டாம், உங்களுக்கு எதுக்கு" என்றேன், முறைப்படி.

"நெஜமாவே வேண்டாமா?"

"இல்ல, பரவாயில்ல" என்றேன், அதுவும் முறைப்படி.

"சரி" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே சாப்பிடப் போய்விட்டான்.

மாமா, நீங்களே சொல்லுங்கள். முதல் இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவைதானே சரி என்போம்? நான் பால்குடி மறக்கும் முன்பே அம்மா சொல்லிக்கொடுத்தது அது. என் மூன்றாவது பதிலை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் நின்றேன். விஸ்கான்சினில் பிள்ளைகளை எப்படித்தான் வளர்க்கிறார்களோ.

செவ்வாயன்று டுவேன் அண்ணன் புது பெல்ட் மாட்டினார். "கோணல் புல்லியில புது பெல்ட் போட்டா அதுவும் வீணாப் போகுமேண்ணா" என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவரும் அதையே நினைத்துக்கொண்டு சொல்லாமல் மாட்டினார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. புதன்கிழமை கீச்சு திரும்ப வந்துவிட்டது.

வியாழன் காலை, பல் டாக்டரைப் பார்க்க பிரெய்னர்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லி வண்டியைக் கிளப்பினேன். தெருவில் ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. அம்மா பிளாஸ்கும் முட்டை சாண்ட்விச்சும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"துலூத்ல ஏரிக்காத்து ஜாஸ்தியாம். மப்ளரை அவுத்துடாதே."

"நான் பிரெய்னர்டுக்குத்தானேம்மா போறேன்?"

"ஆமாமா. பல் டாக்டருகிட்ட. அந்த நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு. பல்லு வலிக்கு ஊரே கூடி பெல்ட் மாத்துறவ உலகத்துல நீ ஒருத்திதான். போய்ட்டு வா."

பாதி வழியில் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட ஏதாவது கிடைக்குமா என்று டாஷ்போர்டுப் பெட்டியைத் துழாவினேன். ஒரு சோப்புக் கட்டி கிடைத்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா உங்களுக்குத் தரும் பைன் மணச் சோப்பு. அதில் வரிவரியாக பெல்ட்டின் தடம். வாயே திறக்காத வண்டி! மாமா, நான் உங்கள்மேல் வைத்திருக்கும் மரியாதையில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதத்தான் இந்த வரியைத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை.

நூலக வாசலில் நிறுத்தி உள்ளே போனேன். நேர்காணல் செய்த அம்மையார், "நீங்க வந்தது கேட்டுது" என்றார். வாசிக்கும் கூடத்தில் இருந்த எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவு இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வேலை கிடைத்தால் தனியாகப் போவேன், தனியாக இருப்பேன். இதில் மட்டும் நான் உறுதி.

உங்கள் முழங்காலுக்கும் அத்தையின் கள்ளிச்செடிகளுக்கும் என் அன்பு. தேவன் உங்களை வெயிலோடும் சுகத்தோடும் வைத்திருக்கட்டும்.

மரியாதையுடன்,
சிக்ரிட்

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்துவிட்டேன். வேலை கிடைத்தது. க்ளென் மறுபடி கேட்டான். முதல் தடவையிலேயே "சரி" என்றேன், சொல்லும்போது காது சுட்டது. டென்ஷனரை மாற்றினான். வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சூப் அடுப்பில் இல்லை. அம்மா தண்ணீர்த் தொட்டி முனைவரை நடந்து போய்க் காத்திருந்து, கீச்சு கேட்காததால் நான் கடந்து போனதும் தெரியாமல், மூக்கு சிவக்கத் திரும்பி வந்தாள். நான் பெட்டி கட்டும்போது, "நானும் வந்து வீடு ஒழுங்கு பண்ணித் தரட்டுமா?" என்றாள். "வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் கேட்டாள். பரவாயில்லை என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு வந்து மூன்றாவது தரமும் கேட்டாள்.

துலூத் வரை வண்டி ஒரு கீச்சுகூடப் போடவில்லை. அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.