பூந்திக்கொட்டைப் பூச்சியோடு பெண் பார்க்கப் போன கதை

ஆராய்ச்சி மாணவனுக்கு ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கும்; ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எதுவும் தெரிந்திருக்காது. பிறரைச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வயதில் நான் இருந்த லட்சணத்தைத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் முனைவர் பட்டத்துக்காகப் பூந்திக்கொட்டை மரத்துப் பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பட்டுப்புடவை அலச ஊறவைப்போமே, அதே பூந்திக்கொட்டைதான். அதன் விதையைத் துளைத்துச் சாறு உறிஞ்ச ஒரு சிவப்பு நாவாய்ப்பூச்சி வரும். பெரிய காய் மரத்துப் பூச்சிக்கு மூக்கு நீளமா, சின்னக் காய் மரத்துப் பூச்சிக்குக் குட்டையா என்று லென்ஸ் வைத்து அளப்பது என் வேலை. மூன்று வருடமாக அளந்துகொண்டிருந்தேன். (அம்மா உறவினர்களிடம் "பையன் மேல்படிப்பு படிக்கிறான்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.)

இந்த நிலையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். உள்ளூரிலேயே நெசவுக் குடும்பம். பெண் பெயர் கோமதி. புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைபவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா, மாமா, நான் மூவரும் போனோம்.

கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருந்தது. சந்தன நிறத்தில் முகூர்த்தப் புடவை ஒன்று பாதி நெய்தபடி நின்றது. "நாலு நாள்ல குடுத்தாகணும், சம்மந்தி. அதான் நேத்து ராவுலகூட நெய்துக்கினு இருந்தோம். கொஞ்சம் ஒதுங்கி உக்காருங்க" என்றார் கோமதியின் அப்பா.

கை கழுவப் பின்பக்கம் போனேன். கிணற்றடியில் ஒரு பூந்திக்கொட்டை மரம். நான் வழக்கமாகப் பூச்சி பிடிக்கப் போகும் தாமல் ஏரிக்கரையில் பார்த்ததெல்லாம் சுண்டைக்காய் அளவுக் காய்கள்; இங்கே நெல்லிக்காய் அளவு! கீழே உதிர்ந்த விதைகளில் சிவப்புச் சிவப்பாய் மொய்த்துக் கிடந்தன என் ஆராய்ச்சியின் நாயகர்கள். எதற்கு வந்தோம் என்பது மறந்துவிட்டது. புது வேட்டியோடு மண்டி போட்டு, நாற்பது பூச்சிகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நல்ல விஞ்ஞானி முடிச்சை இறுக்கிப் போடுவான். நான் போடவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கோமதி காபித் தட்டோடு வந்தாள். அவள் அப்பா ஆரம்பித்தார்.

"தம்பி என்னா ஆராய்ச்சி பண்றீங்க?"

"பூச்சியோட மூக்கை அளக்கறேங்க."

"அளந்து?"

"எழுதி வைப்போங்க."

"யாருக்குப்பா?"

மூன்று வருடத்தில் என் கைடுகூடக் கேட்காத கேள்வி. எனக்கு வியர்த்தது. வியர்த்தால் மனிதன் என்ன செய்வான்? கைக்குட்டையை எடுத்து உதறி, முகத்தைத் துடைத்தேன்.

முதல் பூச்சி என் மீசையில் ஏறியது. இரண்டாவது மாமாவின் காபியில் விழுந்தது. மற்றவை, மேலே ஓடிய மின்விசிறியின் காற்றில், நேராகத் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த சந்தன நிறப் பாவு இழைகளின்மேல் போய் இறங்கின.

"ஐயோ, பட்டு மேல பூச்சி!" என்று அலறினார் கோமதியின் அம்மா. அப்பா துண்டை ஓங்கினார். கோமதியும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"அடிக்காதப்பா, நசுங்கினா கறை புடிச்சிக்கும்!" என்றாள் அவள்.

"அடிக்காதீங்க, நசுங்கினா மூக்கு உடைஞ்சிடும்!" என்றேன் நான்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் வர்ணிக்க முடியாது.

கோமதி மின்விசிறியை நிறுத்தினாள். பின்பக்கம் போய், பூந்திக்கொட்டை விதைகளை அம்மிக் குழவியால் உடைத்து முறத்தில் பரப்பி, தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்து தறிக்கடியில் வைத்தாள். "கொட்டையை உரிச்சிட்டு வெதையைத் தூக்கிப் போட்டா, மொதல்ல இதுங்கதான் வருது. யாரும் அசையாம இருங்க" என்றாள். காபி ஆறியது. அரைமணி நேரத்தில் பூச்சிகள் ஒவ்வொன்றாக இழையைவிட்டு முறத்தில் இறங்கின. மிச்சமிருந்த ஏழெட்டை ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். பட்டில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

அந்த நேரத்தில் சொரணையுள்ளவன் காலில் விழுந்திருப்பான். நான் நோட்டை எடுத்தேன்.

"வெயில்ல வெச்சா சீக்கிரம் வருமா, நிழல்லயா?" என்று கேட்டேன்.

பதில் சொன்னாள். எழுதிக்கொண்டேன். நல்ல பொருத்தம் என்றுகூட நினைத்தேன்.

ஆட்டோவில் அம்மா கேட்டார்: "பொண்ணு என்னா கலர் பொடவ கட்டியிருந்துச்சி, சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை. முறத்துக்கு முதலில் இறங்கியது பெண் பூச்சி என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் தரகர் போன் செய்தார். பெண்ணே சொல்லியனுப்பிய பதிலாம்: "பையன் நல்ல மாதிரிதான். ஆனா பூச்சிக்குக் குடுத்த மரியாதைல பாதி எங்க தறிக்குக் குடுத்திருந்தா யோசிச்சிருப்பேன்."

ஆய்வேடு முடிந்தது. வாய்மொழித் தேர்வில் நிபுணர் பாராட்டிய ஒரே விஷயம், உடைத்த விதையால் பூச்சிகளைச் சேர்க்கும் முறைதான். "நாங்கள் உருவாக்கிய முறை" என்று கூசாமல் சொன்னேன். அந்த "நாங்கள்" யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்தக் கதையில் எனக்கு உண்மையாகவே வெட்கம் தரும் இடம் அதுதான். மற்றதெல்லாம் வெறும் அவமானம்.

பிறகு வேறொரு வீட்டில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாமா இந்தக் கதையை மணமேடையிலேயே என் மனைவி வீட்டாருக்குச் சொல்லிவிட்டார், காபியில் விழுந்த பூச்சிக்கு நடிப்பெல்லாம் சேர்த்து. அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும், பந்தியில் நான் முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தால் போதும், எதிர்வரிசையில் இருக்கும் மொத்த உறவும் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொள்கிறது.