மாடிப்படிக்கடியில் ஒரு நீல டப்பா

ஒரு பெயின்ட் டப்பாவைக் காப்பாற்ற நான் சொன்ன அளவுக்கு உலகத்தில் எந்த ஆண்பிள்ளையும் பொய் சொல்லியிருக்க மாட்டான்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்கடியில் ஓர் அலமாரி இருக்கிறது. பத்து வருஷமாக 'எப்பவாவது உதவும்' என்று நான் எடுத்துவைத்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. பாதி தீர்ந்த பெயின்ட், மூடி இறுகிப்போன தின்னர், லேபிள் உதிர்ந்த பூச்சிமருந்து, செத்துப்போன பேட்டரிகள், செத்தும் மூலையில் நின்றுகொண்டிருந்த மூன்று ட்யூப்லைட்டுகள், ஒரு பாதரசத் தெர்மாமீட்டர். அந்த 'எப்பவாவது' மட்டும் இதுவரை வரவில்லை.

பின்வரிசையில் ஒரு நீல பெயின்ட் டப்பா. அதில் பெயின்ட் கிடையாது. பிஸ்கட்.

எனக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டாள். நானும் கேட்டுக்கொண்டேன், காதால் மட்டும். என் உத்தியோகம் அப்படி. தேயிலைக் கம்பெனியில் டீ ருசி பார்ப்பவன் நான். காலையிலிருந்து எண்பது கிண்ணம் கசப்பை உறிஞ்சித் துப்பிவிட்டு வருகிறவனுக்கு ரெண்டு பிஸ்கட் கூடாதா? வாரம் ஒரு பாக்கெட் வட்ட பிஸ்கட் வாங்குவேன். உறையைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பிஸ்கட்டை அந்தக் கழுவின டப்பாவில் கொட்டிவைப்பேன். சாயங்காலம் ஆனதும் "ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போறேன்" என்று மாடிப்படிக்கடியில் நுழைவேன். எங்கள் வீட்டில் ஆடுகிற திருகாணி ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம்.

சமீபகாலமாக பிஸ்கட் முன்பைவிட ருசியாகக்கூட இருந்தது. கம்பெனிக்காரன் பக்குவத்தைத் திருத்தியிருக்கிறான் என்று மனசுக்குள் பாராட்டினேன். அதிசயமாக, நான்கு மாதமாகச் சர்க்கரை அளவும் இறங்கியிருந்தது. எல்லாம் தெருமுனை வரை நடக்கிறதால்தான் என்று டாக்டருக்கே ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு வந்தேன்.

இப்படி ராஜபோகமாக இருந்தபோது, ஒரு புதன்கிழமை காலை மனைவி கையில் ஒரு நோட்டீசோடு வந்தாள்.

"ஏங்க, சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துல ஆபத்தான குப்பையெல்லாம் தனியா வாங்கிக்கிறாங்களாம். பெயின்ட், மருந்து, பேட்டரி, பல்பு எல்லாம். மாடிப்படிக்கடியில இருக்கறது அத்தனையும் போகணும்."

நோட்டீசை வாங்கி இரண்டு தடவை படித்தேன்.

"அத்தனையுமா? அந்த நீல பெயின்ட் இருக்கட்டும். ஜன்னலுக்கு அடிக்கலாம்."

"நம்ம ஜன்னல் வெள்ளை."

"அதான், நீலம் அடிக்கலாம்னு..."

"எட்டு வருஷமாச்சு. காய்ஞ்சு கட்டியாப் போயிருக்கும்."

"சரி, இதையெல்லாம் எதுக்கு அவ்வளவு தூரம் தூக்கணும்? எல்லாத்தையும் ஒரே கேன்ல ஊத்தி வச்சா இடம் மிச்சம்."

"எதுகூட எது சேர்ந்தா எப்படிப் புகையும்னு உங்களுக்குத் தெரியுமா? ஒண்ணா ஊத்தினா இடம்தான் மிச்சமிருக்கும். வீடு இருக்காது."

"அப்ப சாக்கடையில..."

"ஊத்துங்களேன். அது நேரா ஆத்துக்குப் போகட்டும். அந்தத் தண்ணியிலயே உங்க கம்பெனியில டீ போடட்டும். நீங்களே ருசி பாருங்க."

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஐந்தாறு மாதமாகிறது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் வருவது நின்று வினிகரும் சமையல் சோடாவும் வந்தன. எறும்புக்கு மருந்து அடிப்பதை நிறுத்தினாள். அதற்குப் பதிலாகத் தரையோடு தரையாகக் குனிந்து, எறும்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று வேவு பார்த்து ஓட்டையை அடைத்தாள். எறும்பு போய்விட்டது. அதை நான் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"என்ன இருந்தாலும் மாத்து சாமான் மாத்து சாமான்தான். அசல் மாதிரி வராது" என்றேன்.

"சொல்லாம மாத்தியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"எனக்கா? எண்பது கிண்ணத்துல எந்த டீ எந்தத் தோட்டத்துதுன்னு சொல்றவன் நான். என் நாக்கை ஏமாத்த ஒருத்தன் பொறந்துதான் வரணும்."

"பாத்ரூம் கழுவறதை எதுக்கு நாக்குல வச்சுப் பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டு அலமாரியைப் பூட்டினாள். சாவி அவள் கைப்பைக்குள் போயிற்று. சனிக்கிழமை வரை யாரும் கை வைக்கக் கூடாதாம். விஷமாம்.

மூன்று நாள் பட்டினி. வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் ஸ்க்ரூடிரைவர் கேட்டேன்.

"எதுக்கு?"

"கதவுக் கைப்பிடி ஆடுது."

போய் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் நான் அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். அப்போதும் ஆடவில்லை. எங்கள் வீட்டில் கைப்பிடிக்கு இருக்கிற நேர்மை எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு யோசனை உதித்தது. நானே தனியாகக் கொண்டுபோவது. வழியில் காரை நிறுத்தி நீல டப்பாவை மட்டும் சீட்டுக்கடியில் தள்ளிவிடுவது.

"நீ எதுக்கு வெயில்ல அலையணும்? நான் பார்த்துக்கறேன்" என்று உருகினேன்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என் மேல வெயில் படுதா? நானும் வரேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை அவள் கட்டிவைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்து அசந்துபோனேன். ஒவ்வொன்றும் அதனதன் டப்பாவிலேயே, சாயாமல் நிமிர்ந்து, நடுவில் பேப்பர் திணித்து நின்றது. பேட்டரி முனைகளில் டேப். ட்யூப்லைட்டுகளுக்கு அட்டைச் சட்டை. லேபிள் போன பாட்டிலில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'பூச்சிமருந்து என்று நினைக்கிறேன். அவரும் அப்படித்தான் நினைக்கிறார்.' கார் ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டு, பெட்டியோடு பின்சீட்டில் அவளே உட்கார்ந்துகொண்டாள். என் திட்டம் முன்சீட்டில் தனியாக வந்தது.

மைதானத்தில் நீள மேஜை. ரப்பர் கையுறை போட்ட ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்து, பேட்டரியை ஒரு தொட்டியிலும் பூச்சிமருந்தை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். நீல டப்பாவின் முறை வந்தது.

"இது என்ன சார்?"

"பெயின்ட்."

ஆட்டிப் பார்த்தார். கடகடவென்றது.

"காய்ஞ்ச பெயின்ட்" என்றேன்.

"காய்ஞ்சா ஒட்டிக்கும் சார். தாளம் போடாது."

மேஜையிலிருந்து ஒன்றை எடுத்து மூடியை நெம்பினார். நான் தினமும் எடுக்கப் போவதாகச் சொன்ன அதே ஸ்க்ரூடிரைவர்! அதாவது அதே மாதிரி ஒன்று. மூடி திறந்தது. வரிசையில் நின்ற பத்துப் பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"சார், இதை எந்தத் தொட்டியில போடறது?"

மனைவி பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னாலும் உண்மையைக் கக்கினேன்.

"நான்தான். தினம் ரெண்டு. மன்னிச்சுடு. இனிமே சத்தியமா சர்க்கரையைத் தொட மாட்டேன்."

"நாலு மாசமா நீங்க சர்க்கரையைத் தொடவே இல்லீங்க" என்றாள் அமைதியாக.

"என்னது?"

"எறும்பு பின்னாடியே போனேன் இல்ல? அது நேரா டப்பாவுல போய் ஏறுச்சு. பெயின்ட் திங்கற எறும்பை நான் எங்கயும் பார்த்ததில்லை. திறந்தேன். அன்னிக்கே மாத்திட்டேன். அதே வட்டம், அதே அளவு, சர்க்கரை போடாதது. நீங்க வாரா வாரம் கொட்டுவீங்க, நான் வாரா வாரம் மாத்துவேன்."

"அப்ப நான் நடந்தது?"

"தெருமுனை வரைக்குமா?"

கையுறைக்காரர் சிரிப்பை அடக்க டப்பாவைக் கீழே வைத்தார்.

"அந்த டப்பாவும் புதுசு" என்றாள். "பெயின்ட் இருந்த டப்பாவுல யாராவது திங்கற சாமான் வைப்பாங்களா? கழுவிட்டா விஷம் போயிடுமா? வெளியில நீலம் பூசினது நான்தான். உங்க டப்பா இதோ." பெட்டியின் அடியிலிருந்து என் பழைய டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். அது பெயின்ட் தொட்டிக்குள் போயிற்று.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒத்துக்குவீங்க. அப்புறம் வேற இடத்துல ஒளிப்பீங்க. இப்படியே விட்டா கண்ணு போயிடும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு சமையல்கட்டுல நின்னு அழுதேன். உங்களுக்குத் தெரியாது."

இப்படிப்பட்டவளிடமா இத்தனை நாளாக ஸ்க்ரூடிரைவர் கதை சொன்னோம் என்று வெட்கமாக இருந்தது. புது டப்பாவைக் கட்டிக்கொண்டு காருக்கு நடந்தேன்.

கார் வீட்டுக்குப் பாதி வழி வந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"அப்ப, நான் வாங்கி வச்ச சர்க்கரை பிஸ்கட்டெல்லாம் என்ன பண்ணினே? அதையும் எங்கயாவது ஒப்படைச்சியா?"

"நல்ல சாமானை யாராவது ஒப்படைப்பாங்களா? நான்தான் சாப்பிட்டேன்" என்றாள் முன்சீட்டில் சாய்ந்தபடி. "அடுத்த வாரம் சாக்லேட் போட்டதா வாங்குங்க. இது எனக்கு அலுத்துப்போச்சு."