அந்தப் பழுப்பு பிக் எதில் செய்தது?

முருகன் துணை

கணபதி, கோயமுத்தூர்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புத் தம்பி கிருபாசங்கருக்கு உன் அக்கா அன்புக்கரசி எழுதிக்கொண்டது. நானும் உன் மச்சானும் இங்கே சௌக்கியம். அங்கே நீயும் மோகனப்பிரியாவும் நிதீஷும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் இரண்டு வேளை விளக்கின் முன்னால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருமுன் யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது பார். போன வெள்ளிக்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: ஒன்று நான், மடியில் கிடாருடன். இரண்டு உன் மச்சான் பாலுசாமி, அவர் பாட்டுக்காக உட்காரவில்லை, சுண்டலுக்காக உட்கார்ந்திருந்தார். மூன்று எங்கள் பஜனைக் குழுத் தலைவி ராசம்மாள் அக்கா. நான்கு ஆர்மோனியம் வாசிக்கும் காளிச்சாமி அண்ணன். வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்ததாகச் சொல்கிறவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நீ கொண்டுவந்து கொடுத்த சின்னப் பொட்டலம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மகள் சண்முகப்பிரியா கல்யாணமாகி ஓசூர் போனபோது விட்டுவிட்டுப் போன கிடாரை நான் போனில் பாடம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது உனக்குத் தெரியும். பஜனையில் பத்து வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்து தாளம் தட்டியவள் இந்தத் தை மாதம்தான் கிடாருடன் முன்வரிசைக்கு வந்தேன். கம்பியை விரலால் மீட்டி நகம் பிளந்துபோகிறது என்று உன்னிடம் சொன்னேன். நீ பெங்களூரில் ஏதோ கண்காட்சிக்குப் போனவன், கம்பியை மீட்ட ஆறு பிக் வாங்கிவந்தாய், வெற்றிலை நுனியைக் கிள்ளி வைத்தது போல ஆறு வில்லை. நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தாயே, ‘அக்கா, ஆறும் ஆறு ரகம். அடிச்சுப் பாத்துச் சொல்லு’ என்று, அதற்கு மேல் ஒரு வரி எழுத உன் பேனாவில் மை இல்லையா? பெருந்துறையில் பிளாஸ்டிக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் சூப்பர்வைசர். ஒரு துண்டை விரலால் சுண்டிப் பார்த்தே இன்ன பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார் என்று உன் மாமனார் வீட்டில் பெருமை பேசுகிறார்கள். அக்காவுக்கு மட்டும் துண்டுச் சீட்டு.

சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று போனில் படம் பார்த்து ஐந்துக்குப் பொருள் பெயர் தெரிந்துகொண்டு, வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டேன். நிறம், பொருள், என்ன பாட்டு, என்ன சத்தம், கையில் வழுக்கியதா, இப்படி. முதல் வாரம் ‘நைலான் வழுக்குகிறது, டெல்ரின் வழுக்கவில்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். பிறகு யோசித்தால், நைலானை எடுத்த நாளெல்லாம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு அந்தக் கையோடு உட்கார்ந்திருக்கிறேன், டெல்ரினை எடுத்த நாளெல்லாம் திருநீறு பூசிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முழுப் பக்கத்தையும் அடித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். உன் மச்சான் எட்டிப் பார்த்து, “பிக்கு ஆறு ரகம் சரி அம்மிணி, உன்ற கை எத்தனை ரகம்?” என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

கழுவிய கையோடு பார்த்த கணக்கு இது. மஞ்சள் நிறத்தில் மெல்லிசாக இருந்தது செல்லுலாய்டு, பழைய பிலிம் சுருள் செய்த பொருளாம். பளிச்சென்று பேசுகிறது, ஆனால் வேகமாக அடித்தால் சீட்டுக்கட்டைப் பிரிக்கிற சத்தம் கூடவே வருகிறது. வெள்ளை நைலான் நன்றாக வளைந்து கொடுக்கிறது, கைக்குச் சுகம், சத்தம் மட்டும் குழைந்த சாதம். நீல நிற டெல்ரின் உன் கம்பெனியில் பல்சக்கரம் வார்க்கிற அதே பொருள்தானாமே, கெட்டியாக, தெளிவாக அடிக்கிறது, ஆனால் பக்திப் பாட்டில் ஓர் அவசரம் வந்துவிடுகிறது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற முருகன் போல. இரும்பு பிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், டம்ளரைக் கரண்டியால் தட்டுகிற சத்தம், கம்பியையும் சுரண்டுகிறது. மரத்தில் செய்தது மெத்தென்று இருந்தது, ஆனால் இரண்டே நாளில் நுனி தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஆறாவதுதான் அந்தப் பழுப்பு. வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே தேன் நிறத்தில் திட்டுத் திட்டாக ஓடுகிறது. அதை எடுத்து முதல் தடவை மீட்டியபோது, தம்பி, சமையலறையில் குக்கர் இருந்ததே மறந்துபோனது. அத்தனை உருண்டையாக, அத்தனை நிதானமாக ஒரு நாதம். நோட்டில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ‘ஓம்’ என்று எழுதிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை அதை வைத்துத்தான் வாசித்தேன். காளிச்சாமி அண்ணன் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். ராசம்மாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏனுங்க அம்மிணி, அது எதுல செஞ்சதுங்க, இத்தனை இனிப்பா இருக்குது?” என்று கேட்டார். அதோடு ‘தெரியலீங்க்கா’ என்று வாயை மூடியிருக்க வேண்டும். படித்ததைச் சொல்லிக் காட்டும் ஆசை, போனில் பார்த்ததை எல்லாம் ஒப்பித்தேன். செல்லுலாய்டு, நைலான் என்று ஆரம்பித்து, “எருமைக் கொம்புலயும் செய்வாங்களாம் அக்கா, எலும்புலயும் உண்டு, அந்தக் காலத்துல ஆமை ஓட்டுலகூட செஞ்சாங்களாம், இப்பத் தடை பண்ணீட்டாங்க. இந்தத் திட்டுத் திட்டா இருக்கறது ஒண்ணு கொம்பு, ஒண்ணு ஆமை ஓடு, இல்லீன்னா அதைப் பாத்துச் செஞ்ச செல்லுலாய்டு” என்று முடிப்பதற்குள் அக்கா உட்கார்ந்தபடியே ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

“ஆமைன்னா கூர்மாவதாரமுங்களே!”

“எருமைன்னா எமன் வாகனமுங்க,” என்று காளிச்சாமி அண்ணன் தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தார்.

உன் மச்சான் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க்கா, மிருதங்கத்துல என்ன, வாழையிலையையா இழுத்துக் கட்டியிருக்குது?” என்று கேட்டார். அக்கா அசரவில்லை. “அது பெரியவங்க பாத்து ஒத்துக்கிட்டதுங்க. இது உங்க ஊட்டு அம்மிணி போன்ல பாத்து ஒத்துக்கிட்டது” என்றார். உன் மச்சான் மறுபடி சுண்டலை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. செல்லுலாய்டைக் கற்பூரம் சேர்த்துத்தான் செய்கிறார்கள், துணியில் அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாசம் வரும் என்று படித்திருந்தேன். அதைச் சொன்னதுமே அக்கா முகம் மலர்ந்தது. “கற்பூரமே சேந்திருந்தா அதை விடச் சுத்தம் எதுங்க!” பழுப்பை எடுத்து முந்தானையில் பரபரவென்று தேய்த்து நீட்டினேன். அக்கா மோந்தார். கற்பூரம்! காளிச்சாமி அண்ணன் மோந்தார். கற்பூரமேதான்! இரண்டு பேரும் அரோகரா என்று கையெடுத்தார்கள். உன் மச்சான் எழுந்து வந்து இரும்பு பிக்கை எடுத்து மோந்தார், பிறகு மரத்தை, பிறகு கிடாரின் கழுத்தை. “அம்மிணி, இதையெல்லாம் எங்க வெச்சிருக்கறே?” என்று மெல்லக் கேட்டார். பூசை அலமாரியில், கற்பூர டப்பாவுக்குள். தொலைந்துபோகக் கூடாது என்று நான்தான் வைத்தேன். “உன்ற டப்பாவுல ஒரு மாசம் கெடந்தா எருமையே கற்பூர வாசம் அடிக்கும்” என்றார். தேய்த்த என் முந்தானைகூடக் கற்பூரம்தான்.

அதோடு விட்டாரா? செல்லுலாய்டு என்றால் நெருப்பில் எப்படி எரிகிறதென்று பார்த்துவிடலாம் என்று மஞ்சள் பிக்கை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ‘பக்கத்தில்’ என்பதை எழுதுகிற நேரம்கூட அது எடுத்துக்கொள்ளவில்லை. குப்பென்று ஒரு முழ உயரத்துக்கு எழும்பியது, அவர் பதறிப்போய் ஆரத்தித் தட்டில் போட்டார். கண்ணை மூடி உட்கார்ந்திருந்த காளிச்சாமி அண்ணன் வெளிச்சம் பட்டதும் தீபாராதனை என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டி ஒற்றிக்கொள்ள வந்தார். நல்ல வேளை, கை சுடவில்லை, மணிக்கட்டில் கொஞ்சம் முடி மட்டும் போனது. அடுத்து உன் மச்சான் பழுப்பைக் கேட்டுக் கை நீட்டினார். நான் உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். எரித்துப் பார்த்துத்தான் எதில் செய்ததென்று தெரிய வேண்டும் என்றால், தெரிந்த பிறகு எதை வைத்து வாசிப்பது?

மறுநாள் காளிச்சாமி அண்ணன், பாவம், பொள்ளாச்சியில் மகள் வீட்டிலிருந்து வந்த தேங்காய்க் கொட்டாங்குச்சியை அரத்தில் தேய்த்து ஒரு பிக் செய்து கொண்டுவந்தார். “இது சுத்த சைவமுங்க, அம்மிணி” என்றார். ஒரு பாட்டு முழுக்க வந்தது. இரண்டாவது பாட்டில் பாதியாக உடைந்து ஒரு துண்டு கிடாரின் வயிற்றுக்குள் போய்விட்டது. கிடாரைத் தலைகீழாகப் பிடித்து நானும் அவரும் உலுக்கியபோது அந்தத் துண்டு வரவில்லை, போன பங்குனியில் காணாமல் போன என் கம்மல் திருகாணி வந்தது. அந்த விதத்தில் லாபம்தான்.

இப்போது ராசம்மாள் அக்காவின் தீர்ப்பு இப்படி. வருகிற வியாழக்கிழமை ஆடிக் கிருத்திகை. எங்கள் தெருக் கோயிலில் பஜனை. பழுப்பு பிக் உயிர் எதிலும் எடுக்காதது என்று வாங்கிக் கொடுத்த ஆளிடமிருந்து தெரிந்தால் அதை வைத்து வாசிக்கலாம். தெரியாத வரைக்கும் அது கோயில் படி ஏறக் கூடாது, நைலானை வைத்து ஒப்பேற்ற வேண்டும், அது சரிப்படவில்லை என்றால் நான் பழையபடி பின்வரிசையில் தாளம். தாளம் ஒன்றும் கேவலமில்லை, பத்து வருஷம் தட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நாதத்தை ஒரு தடவை கேட்டுவிட்டு மறுபடி அங்கே போய் உட்கார மனசு வரமாட்டேன் என்கிறது. உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். பின்னால் மெஷின் ஓடுகிறது, நீ “நல்லா இருக்குதில்லக்கா? அப்புறம் என்ன, அடி, அடி” என்று வைத்துவிடுகிறாய். ராசம்மாள் அக்காவும் “போன்ல சொல்றது செல்லாதுங்க, எழுத்துல வாங்குங்க” என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் காலத்தில் பேப்பரும் பேனாவும்.

ஆகவே தம்பி, நீ எழுத வேண்டியது இவ்வளவுதான். ‘ஆறு ரகம்’ என்று எழுதினாயே, ஆறு பொருளா, ஆறு கனமா? மஞ்சள் செல்லுலாய்டு என்றால் பழுப்பும் செல்லுலாய்டாக இருக்கலாமா? வாங்கிய கடைக்காரர் என்ன சொன்னார்? தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்து எழுது. என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதாதே. கொம்பு என்றால் கொம்பு என்றே எழுது, எலும்பு என்றால் எலும்பு என்றே எழுது. சாமி காரியத்தில் உன் அக்காவைத் தப்புச் செய்ய வைக்காதே, முருகன் மேல் ஆணை. தாங்கிக்கொள்ளும் பலத்தை அவனே கொடுப்பான்.

மோகனப்பிரியாவிடம் விசாரித்ததாகச் சொல். நிதீஷ் பரீட்சையை நல்லபடியாக எழுத அர்ச்சனைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், படிக்கவும் சொல். எல்லாருக்கும் எங்கள் ஆசிகள்.

உன் அக்கா
அன்புக்கரசி

பி.கு. வெள்ளிக்கிழமை காலை. இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை உன் மச்சானிடம் கொடுத்தேன். இன்றைக்கு அவர் வண்டிப் பெட்டியிலிருந்து நானே எடுத்தேன். நடுவில் கிருத்திகை வந்து போய்விட்டது. நைலானோடுதான் போனேன். முதல் இரண்டு பாட்டுக்கும் கிடார் இருந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது பாட்டில் ராசம்மாள் அக்கா உருகிக் கண்ணை மூடினார். பழுப்பு என் இடுப்பு முடிச்சில் இருந்தது, எப்படி வந்தது என்று கேட்காதே. எடுத்துவிட்டேன். கடைசிப் பாட்டு வரைக்கும் அதுதான். கூட்டம் அப்படியே நின்று கேட்டது. முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தீங்களா அம்மிணி, நைலானே எத்தனை நல்லாப் பேசுது! அந்தப் பழுப்பு நமக்கெதுக்குங்க?” என்றார். ஆமாங்க்கா என்று சொல்லிவைத்தேன். முருகனிடம் அங்கேயே நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்காவிடம்தான் சொல்லவில்லை. அதனால் மேலே ஆணையெல்லாம் போட்டு எழுதியிருப்பதைக் கணக்கில் வைக்காதே. கடைக்காரரிடம் ஒன்றும் விசாரிக்கவும் வேண்டாம். அது எதில் செய்ததாக இருந்தாலும் சரி, ‘பிளாஸ்டிக்’ என்று பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி, கீழே கையெழுத்து. சீக்கிரம் பதில் போடு.